சிவிலைசேஷன் 6: மோசமான இடத்தில் ஆட்டம் தொடங்கினால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரங்கள் அமைத்து ஒரு நாகரிகத்தை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 ஆடும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான்: முதல் டர்னில் (ஒருவர் ஆடும் ஒரு முறையில்) கண்ணில் படும் நிலம் வறண்டோ, உறைந்தோ, கடலால் சூழப்பட்டோ இருந்தால் அந்த ஆட்டத்தைத் தொடர்வதில் பொருள் உண்டா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். பதில்கள் 2019இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துக்கும், அதன் பிறகு வந்த திருத்தங்களுக்கும், ஸ்டாண்டர்டு வேகத்துக்கும் பொருந்துவன. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன; சிக்கலானவை பின்னால் இருக்கின்றன.

எனக்கு வரும் எல்லா இடமும் மோசமாகத்தான் தெரிகிறது. உண்மையிலேயே மோசமான தொடக்கம் எது?

உணவு, உற்பத்தி, நன்னீர், பாதுகாப்பு, விரிய இடம் ஆகிய ஐந்தில் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். நகரத்தில் வாழும் ஒவ்வொரு குடிக்கும் ஒரு டர்னுக்கு 2 உணவு தேவை. நகர மையம் குறைந்தது 2 உணவும் 1 உற்பத்தியும் தரும். ஆகவே முதல் குடி உழைக்கும் கட்டம் (வரைபடத்தின் ஒரு துண்டு) 2 உணவு தந்தால் மிச்சம் 2. அது 1 மட்டுமே தந்தால் மிச்சமும் 1தான். மக்கள்தொகை 1இலிருந்து 2 ஆவதற்கு 15 உணவு சேர வேண்டும் என்பதால், முன்னதில் நகரம் 8 டர்னில் வளரும்; பின்னதில் 15 டர்ன் காத்திருக்கும். வறண்ட நிலம் என்று நாம் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஏழு டர்ன் வித்தியாசத்தைத்தான்.

முதல் நான்கு குறைகளுக்கும் ஆட்டத்துக்குள்ளேயே மாற்று உண்டு; அவற்றைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஐந்தாவதாகிய இடப்பற்றாக்குறைதான் உண்மையான ஆபத்து. தூந்திராவில் ஆறு நகரங்கள் வைத்திருப்பவர், செழிப்பான ஆற்றங்கரையில் இரண்டே நகரங்களோடு அடைபட்டவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. தலைநகரைச் சுற்றியுள்ள கட்டங்களை மட்டும் பார்த்து ஆட்டத்தை எடைபோடுவது சரியன்று. இரண்டாவது, மூன்றாவது நகரங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

செட்டிலரை (நகரம் அமைக்கும் குடியேறியை) நிற்கும் இடத்திலேயே நகரமாக்க வேண்டுமா, நகர்த்திப் பார்க்கலாமா?

முதலில் வாரியரை (தொடக்கக் காலாட்படையை) நகர்த்துங்கள். அது திறந்துகாட்டும் கட்டங்களைப் பார்த்த பிறகுதான் செட்டிலரைத் தொட வேண்டும். செட்டிலரைத் தேர்ந்தெடுத்ததும் தோன்றும் லென்ஸில் (நிறங்களால் காட்டும் வரைபடப் பார்வையில்) கரும்பச்சை நன்னீரையும், வெளிர்பச்சை கடற்கரையையும் குறிக்கும். சிவப்பு நகரம் அமைக்க முடியாத இடம். கண்ணுக்கெட்டிய தொலைவில் கரும்பச்சை இருந்தால் ஒன்றிரண்டு டர்ன் செலவழித்து அங்கே போவது நட்டமில்லை. எதுவுமே தெரியாத திசையில், இன்னும் நல்ல இடம் வரும் என்ற நம்பிக்கையில் நான்கைந்து டர்ன் நடப்பதுதான் நட்டம்.

சமவெளிக் குன்று கிடைத்தால் அதை விடாதீர்கள். அங்கே அமையும் நகர மையம் 1 உற்பத்திக்குப் பதிலாக 2 தரும். சிறியதாகத் தோன்றும் இந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: தலைநகரின் அரண்மனை 2 உற்பத்தி தருகிறது, குடி உழைக்கும் கட்டம் 1 தருகிறது என்று வையுங்கள். தட்டையான நிலத்தில் மொத்தம் 4, குன்றில் 5. செட்டிலரின் விலை 80 உற்பத்தி. ஆகவே முன்னதில் 20 டர்ன், பின்னதில் 16 டர்ன். ஒரு டர்ன் நடந்து நான்கு டர்ன் ஈட்டுவது மோசமான வியாபாரமில்லை.

ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் தலைநகர் வைத்தால் ஆட்டம் முடிந்ததா?

முடிந்துவிடாது. நன்னீர் உள்ள நகரத்துக்கு அடிப்படை ஹவுசிங் (குடிகளுக்கான இட வரம்பு) 5, கடற்கரை நகரத்துக்கு 3, எதுவும் இல்லாததற்கு 2. மக்கள்தொகை இந்த எல்லையை நெருங்கும்போது வளர்ச்சி பாதியாகும். எல்லையைத் தொட்டதும் கால் பங்காகும். தலைநகருக்கு அரண்மனையால் ஒரு ஹவுசிங் கூடுதலாகக் கிடைக்கிறது. பாட்டரி தொழில்நுட்பம் கற்றபின் கட்டக்கூடிய கிரானரி (தானியக் களஞ்சியம்) இரண்டு சேர்க்கும். அதாவது தண்ணீரே இல்லாத தலைநகரும் கிரானரியோடு 5 வரை எட்டிவிடும். தொடக்கக் காலத்துக்கு அது போதும்.

இன்ஜினியரிங் வந்ததும் அக்வடக்ட் (நீர்க்கால்வாய்) கட்டினால், நன்னீர் இல்லாத நகரத்தின் அடிப்படை ஹவுசிங் 6 வரை உயரும். அக்வடக்ட் நகர மையத்தை ஒட்டியும், அதே சமயம் ஓர் ஆற்றையோ ஏரியையோ பாலைவனச் சோலையையோ மலையையோ ஒட்டியும் இருக்க வேண்டும். பலர் மலையை மறந்துவிடுகிறார்கள். ஆறே இல்லாத இடத்தில் நகரம் வைக்க நேர்ந்தால், மலைக்கு இரண்டு கட்டம் தள்ளி வைத்து, இடையில் உள்ள கட்டத்தை அக்வடக்டுக்காக ஒதுக்கிவிடுங்கள்.

செட்டிலர் வர 20 டர்ன் என்று காட்டுகிறது. அதுவரை என்ன கட்டுவது?

ஸ்கௌட் (உளவுப்படை) 30, ஸ்லிங்கர் (கவண் வீரர்) 35, வாரியர் 40, பில்டர் (நிலத்தை மேம்படுத்துபவர்) 50, மான்யுமென்ட் (நினைவுச்சின்னம்) 60 உற்பத்தி. உற்பத்தி குறைந்த இடத்தில் ஸ்கௌட், ஸ்லிங்கர், பிறகு செட்டிலர் என்ற வரிசையைத்தான் நான் சொல்வேன். செட்டிலர் உருவாக நகரத்தின் மக்கள்தொகை 2 ஆக இருக்க வேண்டும் என்பதால், ஸ்கௌட்டும் ஸ்லிங்கரும் முடிவதற்குள் நகரம் வளர்ந்துவிடும். வளரும் வரை உணவுள்ள கட்டத்திலும், செட்டிலர் தொடங்கியதும் உற்பத்தியுள்ள கட்டத்திலும் குடிகளை நீங்களே கையால் அமர்த்துங்கள். ஆட்டம் தானாக அமர்த்துவதை நம்ப வேண்டாம்.

எர்லி எம்பையர் சிவிக் (கலாசாரத்தால் கற்கும் முன்னேற்றம்) வந்தால் கலனைசேஷன் என்ற கொள்கை அட்டை கிடைக்கும். அது செட்டிலர் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். அந்தச் சிவிக்குக்கான இன்ஸ்பிரேஷன் (கற்பதை விரைவுபடுத்தும் ஊக்கம்) உங்கள் நகரங்களின் மொத்த மக்கள்தொகை 6 ஆகும்போது கிடைக்கிறது. மைனிங் கற்றிருந்தால் பில்டரைக் கொண்டு காட்டை வெட்டி அந்த உற்பத்தியைச் செட்டிலரில் கொட்டலாம். உற்பத்தி இல்லாத நகரத்தில் காடு என்பது ஒருமுறை மட்டும் எடுக்கக்கூடிய சேமிப்பு. அதை உலக அதிசயம் ஒன்றில் கரைக்காமல் செட்டிலரில் செலவழியுங்கள்.

பொன்னையும் மறக்க வேண்டாம். மற்ற நாகரிகங்களைச் சந்தித்தவுடன் உங்களிடம் உபரியாக உள்ள லக்சரியையும் (ஆடம்பரப் பொருளையும்), தொடக்கத்தில் உங்களுக்குப் பயன்படாத டிப்ளமேட்டிக் ஃபேவரையும் (ராஜதந்திரச் செல்வாக்குப் புள்ளிகளையும்) விற்றால் கணிசமான பொன் வரும். உற்பத்தி இல்லாதவர் பில்டரைக் கட்டுவதைவிட வாங்குவதே மேல்.

சுற்றிலும் தூந்திராவும் பனியும்தான். எங்கிருந்து தொடங்குவது?

தூந்திராவுக்குக் கிடைத்திருக்கும் கெட்ட பெயர் அதற்குத் தகுதியானதைவிட அதிகம். தட்டைத் தூந்திரா 1 உணவு தருகிறது. தூந்திராக் குன்று 1 உணவும் 1 உற்பத்தியும், காடு மூடிய தூந்திராக் குன்று 1 உணவும் 2 உற்பத்தியும் தருகின்றன. அதாவது குறைவது உணவு, உற்பத்தி அன்று. கனடாவைத் தவிர வேறு எவரும் அங்கே வயல் போட முடியாது. பனிப்பரப்போ எதுவும் தராது. அதை நிலமாகவே கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்தத் தொடக்கத்தில் வேறு எங்கும் கிடைக்காத ஒரு தகவல் உங்கள் கையில் இருக்கிறது. தூந்திரா வரைபடத்தின் வடகோடியிலோ தென்கோடியிலோதான் அமையும். ஆகவே நல்ல நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது முதல் டர்னிலேயே தெரிந்துவிடுகிறது. ஸ்கௌட்டை நேராக நிலநடுக்கோட்டை நோக்கி அனுப்புங்கள். இரண்டாவது நகரத்தை அந்தத் திசையில், முடிந்தவரை முன்னால் வையுங்கள். உங்கள் முதுகுப்பக்கம் பனிதான் என்பதால் அங்கே குடியேற எவரும் அவசரப்பட மாட்டார்கள். அந்த இடத்தை ஆறஅமர நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது ஃபெய்த் எனும் பக்திப் புள்ளிகள். பாந்தியனுக்கு (மதத்துக்கு முந்தைய தொடக்க நம்பிக்கைக்கு) 25 ஃபெய்த் வேண்டும். காட் கிங் அட்டை தலைநகருக்கு டர்னுக்கு 1 ஃபெய்த்தும் 1 பொன்னும் தருவதால், வேறு வழியே இல்லாவிட்டாலும் 25 டர்னில் அது கிடைத்துவிடும். டான்ஸ் ஆஃப் தி அரோரா என்ற பாந்தியனைத் தேர்ந்தெடுத்தால் ஹோலி சைட்டை (வழிபாட்டு வட்டாரத்தை) ஒட்டியுள்ள ஒவ்வொரு தூந்திராக் கட்டமும் 1 ஃபெய்த் தரும். ஐந்து தூந்திராவுக்கு நடுவில் ஒரு ஹோலி சைட் அமைந்தால் தொடக்கத்திலேயே டர்னுக்கு 5 ஃபெய்த். மதம் நிறுவி வொர்க் எத்திக் என்ற நம்பிக்கையையும் பிடித்துவிட்டால், ஹோலி சைட்டுக்குக் கிடைக்கும் அதே அளவு உற்பத்தியும் நகரத்துக்கு வரும். மதம் நிறுவத் தேவையான கிரேட் ப்ராஃபெட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் ஹோலி சைட்டை மிக விரைவில் தொடங்க வேண்டும். செயின்ட் பேசில்ஸ் கதீட்ரல் அதிசயம் தூந்திராக் கட்டங்களுக்கு உணவும் உற்பத்தியும் கலாசாரமும் சேர்க்கும் என்றாலும், அது கைக்கு வரும்போது ஆட்டத்தின் போக்கு ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

பாலைவனமும் அதே போலத்தானா? பெட்ரா கட்டினால் போதும் என்கிறார்களே?

ஃபெய்த் பகுதி அப்படியே பொருந்தும். பாந்தியனின் பெயர் மட்டும் டெசர்ட் ஃபோக்லோர். வேறுபாடு என்னவென்றால், தட்டைப் பாலைவனம் உணவும் உற்பத்தியும் எதுவும் தராது. அதனால் பாலைவனத்தில் ஆற்றை விட்டு விலகவே கூடாது. ஆற்றோரப் பாலைவன வெள்ளச்சமவெளி ஒவ்வொன்றும் 3 உணவு தரும். சோலை 3 உணவோடு 1 பொன்னும் நன்னீரும் தரும். வெள்ளம் வந்து சேதம் விளைவித்தாலும், போகும்போது மண்ணை வளமாக்கிவிட்டுப் போவதும் உண்டு.

பெட்ரா அது கட்டப்பட்ட நகரத்தின் பாலைவனக் கட்டங்களுக்கு, வெள்ளச்சமவெளி நீங்கலாக, 2 உணவு, 2 பொன், 1 உற்பத்தி சேர்க்கிறது. பாலைவனக் குன்றுகள் நிறைந்த நகரத்தில் இது ஆட்டத்தையே மாற்றிவிடும். ஆனால் மேத்தமேட்டிக்ஸ் வரை காத்திருக்க வேண்டும். உயர்ந்த கடினநிலைகளில் கணினி அதை முந்திக் கட்டிவிடக்கூடும். பெட்ரா கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டாலும் நகரம் நிற்க வேண்டும் என்ற கணக்கில் திட்டமிடுங்கள். அந்த ஓர் அதிசயத்தை மட்டுமே நம்பி நான்கு நகரங்களைக் கட்டாந்தரையில் வைத்துவிட்டு வந்து கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

மழைக்காட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

இது மோசமான தொடக்கமே அன்று. மழைக்காடு மூடிய சமவெளிக் கட்டம் 2 உணவும் 1 உற்பத்தியும், குன்றாக இருந்தால் 2 உணவும் 2 உற்பத்தியும் தருகிறது. ஒட்டியுள்ள இரண்டு மழைக்காட்டுக் கட்டங்களுக்கு ஓர் அறிவியல் வீதம் கேம்பஸுக்கு (அறிவியல் வட்டாரத்துக்கு) கிடைக்கும். நடைதான் மெதுவாக இருக்கும்; வெட்டுவதற்கு ப்ரான்ஸ் வொர்க்கிங் வேண்டும். பொறுமை போதும்.

சின்னத் தீவு ஒன்றில் தொடங்கியிருக்கிறேன். மூன்று பக்கமும் கடல்.

நிலத்தின் வறுமையைவிட எனக்கு அதிகம் பிடிக்காதது இதுதான். வெறும் கடற்கரைக் கட்டம் 1 உணவும் 1 பொன்னும் தரும்; உற்பத்தி கிடையாது. அதனால் நகரங்கள் மெல்ல வளர்ந்து, மிக மெல்லக் கட்டும். படகு போட்டு மேம்படுத்தக்கூடிய மீன், நண்டு, முத்து போன்றவை எங்கே குவிந்துள்ளன என்று பார்த்து, அவற்றை ஒட்டியே நகரங்களை வையுங்கள். காட் ஆஃப் தி சீ பாந்தியன் ஒவ்வொரு மீன்பிடிப் படகுக்கும் 1 உற்பத்தி தரும்; தீவுகளில் அதற்கு நிகரானது வேறில்லை. ஆக்லாந்து நகர-அரசு (ஒற்றை நகர நாடு) கண்ணில் பட்டால் தூதர்களை அங்கேயே குவியுங்கள். அதன் சுசரைன் (மேலாதிக்கம் பெற்றவர்) ஆனால் ஆழமற்ற நீர்க் கட்டங்களுக்கும் உற்பத்தி கிடைக்கும்.

தீவை விட்டு வெளியேறுவதற்கு ஷிப்பில்டிங் வேண்டும். அதற்குமுன் செட்டிலர் கடலில் இறங்க முடியாது. கடற்கரையில் நகரம் அமைத்ததாலேயே செய்லிங் தொழில்நுட்பத்தின் யுரேகா (கற்பதை விரைவுபடுத்தும் ஊக்கம்) கிடைத்திருக்கும். இரண்டு கேலி கப்பல்கள் இருந்தால் ஷிப்பில்டிங்கின் யுரேகாவும் கிடைக்கும். மாரிடைம் இண்டஸ்ட்ரீஸ் அட்டை அந்தக் கப்பல்களின் உற்பத்தியை இரட்டிப்பாக்குவதால், செலவு ஏறத்தாழ ஒரே கப்பலுக்கானதுதான். அந்த இரண்டு கப்பல்களையும் சும்மா நிறுத்தி வைக்காமல் எதிரெதிர்த் திசையில் கரையோரமாக அனுப்புங்கள். காலியாக இருக்கும் கரை எது என்பது செட்டிலர் தயாராகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நிலம் பரவாயில்லை, ஆனால் பார்பேரியன்கள் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைப் படைகள்) மூச்சுவிட விடவில்லை. ஒவ்வொரு முறையும் 20ஆவது டர்னிலேயே சூறையாடிவிடுகிறார்கள்.

அவர்கள் தற்செயலாக வருவதில்லை. முகாமிலிருந்து ஒரு ஸ்கௌட் கிளம்புகிறது. உங்கள் நகரத்தைப் பார்த்ததும் அதன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தோன்றுகிறது. அது முகாமுக்குத் திரும்பிச் செய்தி சொன்ன பிறகே கூட்டம் புறப்படுகிறது. ஆகவே நடுவில் அந்த ஸ்கௌட்டைக் கொன்றுவிட்டால் தாக்குதல் தொடங்குவதில்லை. இதற்காகத்தான் முன்பு சொன்ன வரிசையில் ஸ்லிங்கரைச் சேர்த்தேன். வாரியரைத் தொலைதூர ஆராய்ச்சிக்கு அனுப்பிவிட்டு நகரத்தை வெறுமையாக விடுவதே பெரும்பாலான சூறைகளுக்குக் காரணம்.

டிசிப்ளின் அட்டை பார்பேரியன்களுக்கு எதிராக 5 வலிமை தரும். தொல்லை தீரும் வரை அதைக் கழற்றவே வேண்டாம். தொல்லையிலும் ஆதாயம் உண்டு: ஸ்லிங்கரால் ஒரு படையைக் கொன்றால் ஆர்ச்சரிக்கும், மூன்று பார்பேரியன்களைக் கொன்றால் ப்ரான்ஸ் வொர்க்கிங்குக்கும், முகாம் ஒன்றை அழித்தால் மிலிட்டரி ட்ரடிஷனுக்கும் ஊக்கம் கிடைக்கும். முகாம்கள் எவருடைய பார்வையும் படாத இடங்களில்தான் முளைக்கும் என்பதால், குன்றின் மேல் நிறுத்திய ஒரே ஒரு காவல் படை ஒரு பக்கம் முழுவதையும் அமைதியாக வைத்திருக்கும்.

பக்கத்து நாட்டுக்காரர் ஏழெட்டுக் கட்டம் தள்ளியே இருக்கிறார். எனக்கு இரண்டு நகரத்துக்குத்தான் இடம்.

முதல் கேள்வியில் சொன்ன ஐந்தாவது குறை இதுதான். முதல் வேலை, இருக்கும் இடத்தை நெருக்கமாக நிரப்புவது. இரண்டு நகர மையங்களுக்கு இடையே மூன்று கட்டம் இருந்தால் போதும். அழகாக விலக்கி வைக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் ஒரு நகரத்தின் இடத்தை வீணாக்குகிறார்கள். ஒரு நகரம் மக்கள்தொகை 1இல் ஒரு டிஸ்ட்ரிக்டும் (சிறப்பு வட்டாரமும்), 4இல் இரண்டாவதும், 7இல் மூன்றாவதும் கட்டலாம். ஆகவே நெருக்கமான நான்கு சிறு நகரங்கள் நான்கு கேம்பஸ் தரும். பரந்த இரண்டு நகரங்கள் இரண்டுதான் தரும்.

இரண்டாவது வேலை, எல்லைப் பக்கத்து இடத்தை முதலில் பிடிப்பது, பின்பக்கத்தைப் பிறகு நிரப்புவது. அப்படி முன்னால் போகும்போது லாயல்டியை (நகரத்தின் விசுவாசத்தை) கவனிக்க வேண்டும்: ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் குடிகள் எல்லாம் உங்கள் புதிய நகரத்தின் மேல் அழுத்தம் தருகிறார்கள், தொலைவு கூடக்கூட அது குறைகிறது. கவர்னர் ஒருவரை அங்கே அமர்த்தினால் டர்னுக்கு 8 லாயல்டி கிடைக்கும். தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் அதுவே நகரத்தைக் காப்பாற்றிவிடும். அமைதி தேவைப்பட்டால், சந்தித்த அதே டர்னில் 25 பொன் கொடுத்துத் தூதுக்குழு அனுப்புங்கள். மனநிலை இனித்ததும் நட்பு அறிவிப்பு செய்துவிட்டால் அது நீடிக்கும் காலம் வரை அவர் போர் தொடுக்க முடியாது.

அவரைத் தாக்கி இடத்தைப் பிடிப்பது சரிதானா?

இடம் இல்லாத தொடக்கத்தில் இதுவே பல சமயம் சரியான விடை. ஆனால் காலம் தவறினால் உயிரைக் குடித்துவிடும். மதில் எழும்புவதற்கு முன் மூன்று நான்கு ஆர்ச்சர்களும் (வில்லாளிகளும்) முன்னால் நிற்க இரண்டு வாரியர்களும் இருந்தால் ஒரு நகரத்தை வீழ்த்தலாம். அகோகி அட்டை இந்தப் படைகளின் உற்பத்தியை 50 சதவீதம் கூட்டும். மதில் கண்ணில் பட்ட பிறகு ஆர்ச்சரை மட்டும் வைத்துக்கொண்டு மோதுவது வீண். மதிலை உடைக்கும் பேட்டரிங் ராம் வரும் வரை காத்திருங்கள், அல்லது திட்டத்தையே விடுங்கள்.

நண்பர்கள் அதிகம் யோசிக்காத இன்னொரு வழி, பக்கத்திலுள்ள நகர-அரசு. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான் என்றால் அதைப் பிடிப்பதும் ஒரு வழியே. அதன் சுசரைன் ஆவதால் வரக்கூடிய பயனை இழக்கிறீர்கள் என்பதை மட்டும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

குதிரையும் இல்லை, இரும்பும் இல்லை. போர் வந்தால் என்ன செய்வது?

குதிரை அனிமல் ஹஸ்பெண்டரியிலும், இரும்பு ப்ரான்ஸ் வொர்க்கிங்கிலும் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது நகரத்தின் இடத்தை முடிவுசெய்யும் முன் இவற்றுள் ஒன்றையாவது கற்றிருப்பது நல்லது. கேதரிங் ஸ்டார்மில் ஒரு ஸ்வார்ட்ஸ்மேனுக்கு (வாள்வீரருக்கு) 20 இரும்பு தேவை. அதை மற்றவரிடமிருந்து வாங்கியும் சேர்க்கலாம்.

வெறும் தற்காப்புக்கு இரண்டுமே தேவையில்லை. ஆர்ச்சர், ஸ்பியர்மேன், பிறகு வரும் க்ராஸ்போமேன் எதற்கும் வளம் வேண்டாம். மதில் கட்டினால் நகரமே அம்பு எய்யும்; மதில் கட்டியதற்கு இன்ஜினியரிங்கின் யுரேகாவும் கிடைக்கும் என்பதால், தண்ணீரில்லாத நகரத்துக்கு அக்வடக்டும் விரைவில் வந்துசேரும்.

இரண்டாவது, மூன்றாவது நகரங்களும் வறண்ட நிலத்திலேயே அமைந்துவிட்டன. அவற்றை எப்படி வளர்ப்பது?

உள்நாட்டு வணிகப் பாதைதான் வழி. புதிய நகரத்திலிருந்து கிளம்பும் டிரேடரை உங்கள் சொந்த நகரம் ஒன்றுக்கே அனுப்பினால், கிளம்பிய நகரத்துக்கு உணவும் உற்பத்தியும் கிடைக்கும். சென்றடையும் நகரத்தில் எத்தனை டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றனவோ அதற்கேற்ப அந்த அளவு கூடும். ஆகவே எல்லாப் பாதைகளையும் தலைநகரையோ, மிகுதியாகக் கட்டப்பட்ட வேறு நகரத்தையோ நோக்கித் திருப்புங்கள். முதல் பாதை ஃபாரின் டிரேடில் கிடைக்கும். அடுத்தவை மார்க்கெட்டோ லைட்ஹவுஸோ கட்டும்போது வரும். வறண்ட நிலத்தில் இருப்பவருக்குக் கமர்ஷியல் ஹப்பும் ஹார்பரும் கேம்பஸைவிட முந்தியவை என்று நான் சொல்வது இதனால்தான்.

கவர்னர்களில் மேக்னஸ் இங்கே பொருத்தமானவர். ப்ராவிஷன் என்ற பதவி உயர்வு தந்தால், அவர் இருக்கும் நகரத்தில் உருவாகும் செட்டிலர் மக்கள்தொகையைக் குறைக்காது. உணவு குறைந்த நகரத்தில் இழந்த ஒரு குடியை மீண்டும் பெற 15 டர்ன் ஆகும் என்ற முதல் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

தொடக்கம் மெதுவாக இருந்ததால் டார்க் ஏஜ் (இருண்ட காலம்) வந்துவிட்டது. இனி மீள முடியுமா?

டார்க் ஏஜில் உங்கள் குடிகள் தரும் லாயல்டி அழுத்தம் பாதியாகிறது. பக்கத்தில் பொற்காலத்தில் இருக்கும் நாடு இருந்தால் அதன் அழுத்தம் ஒன்றரை மடங்கு. எல்லை நகரங்களைக் கவர்னர்களைக் கொண்டு தாங்கிப் பிடிக்க வேண்டிய காலம் இது. ஆனால் டார்க் ஏஜில் மட்டுமே கிடைக்கும் அட்டைகள் சில, வறண்ட நாட்டுக்கென்றே செய்தவை போல இருக்கும். ஐசொலேஷனிசம் ஒவ்வொரு உள்நாட்டுப் பாதைக்கும் 2 உணவும் 2 உற்பத்தியும் சேர்க்கும். பதிலுக்கு, அது இருக்கும் வரை செட்டிலர் உருவாக்கவோ புதிய நகரம் அமைக்கவோ முடியாது. இடம் தீர்ந்துவிட்டவருக்கு அந்தத் தடையால் இழப்பு இல்லை. மொனாஸ்டிசிசம் ஹோலி சைட் உள்ள நகரங்களின் அறிவியலை 75 சதவீதம் கூட்டி, கலாசாரத்தை 25 சதவீதம் குறைக்கும். தூந்திராவிலும் பாலைவனத்திலும் ஹோலி சைட்டுகளை நிறைய வைத்தவர் இதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

டார்க் ஏஜிலிருந்து நேராகப் பொற்காலத்துக்கான புள்ளியை எட்டினால் அது ஹீரோயிக் ஏஜ் ஆகும்; ஒரு அர்ப்பணிப்புக்கு (அந்தக் காலத்துக்கான சலுகைத் தேர்வுக்கு) பதில் மூன்று கிடைக்கும். அவற்றுள் மான்யுமென்டாலிட்டி இருந்தால் செட்டிலரையும் பில்டரையும் ஃபெய்த் கொடுத்தே வாங்கலாம். உணவும் உற்பத்தியும் இல்லாமல் ஃபெய்த்தை மட்டும் குவித்து வைத்திருக்கும் நாடு ஒரே மூச்சில் விரியும் தருணம் அது.

டெய்ட்டி (மிகக் கடினமான) நிலையில் ஆடுகிறேன். இந்த யோசனைகள் அங்கேயும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் பிழைக்கு இடம் குறைவு. இருதரப்புக்கும் சலுகை இல்லாத நிலை ப்ரின்ஸ். டெய்ட்டியில் கணினி நாடுகள் ஒவ்வொன்றும் மூன்று செட்டிலர்களோடு தொடங்குகின்றன. அவற்றின் படைகளுக்கு 4 வலிமை கூடுதல். ஆகவே காலி நிலம் மிக வேகமாகத் தீரும். நிலம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் செட்டிலரைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான் அங்கே நான் சேர்த்துச் சொல்வது. 100ஆவது டர்னுக்குள் பத்து நகரங்கள் என்று பழகியவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மோசமான தொடக்கத்தில் ஏழெட்டு வந்தாலே ஆட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது. ரிலிஜியஸ் செட்டில்மென்ட்ஸ் பாந்தியன் இலவசமாக ஒரு செட்டிலரைத் தரும். 25 ஃபெய்த்தை எட்டும்போது அது இன்னும் மிச்சமிருந்தால், தூந்திராவில்கூட நான் அதைத்தான் எடுப்பேன்.

ரஷ்யாவைத் தேர்ந்தெடுத்தால் தூந்திராவில் தொடங்குவது நல்லதா, கெட்டதா?

நல்லது. ஆட்டம் சில நாகரிகங்களை அவற்றுக்குப் பொருந்தும் நிலத்தில் அமர்த்த முயல்கிறது. ரஷ்யாவுக்குத் தூந்திராக் கட்டங்கள் ஒவ்வொன்றும் கூடுதலாக 1 ஃபெய்த்தும் 1 உற்பத்தியும் தரும். நகரம் அமைக்கும்போதே எல்லையும் பெரிதாகக் கிடைக்கும். மாலியின் நகர மையத்துக்கு ஒட்டியுள்ள ஒவ்வொரு பாலைவனக் கட்டமும் 1 உணவும் 1 ஃபெய்த்தும் சேர்க்கும். இன்கா மக்கள் மலையிலேயே உழைப்பார்கள். கெட்ட நிலத்தில் ஆடிப் பழக விரும்புபவர்கள் இவர்களில் ஒருவரை எடுத்துத் தொடங்கலாம்.

ரீஸ்டார்ட் அழுத்துவது ஏமாற்று வேலையா? எப்போது அழுத்தலாம்?

தனியாக ஆடும்போது அது உங்கள் விருப்பம். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல் டர்னில் அழுத்தாதீர்கள் என்பேன், ஏனெனில் அப்போது தெரிவது தலைநகரின் நிலம் மட்டுமே. மேலே சொன்னபடி ஆட்டத்தை முடிவுசெய்வது அதற்கு அப்பால் இருப்பது. 30 டர்ன் வரை ஸ்கௌட்டை ஓட்டுங்கள். மூன்றாவது நகரத்துக்கு எந்தத் திசையிலும் இடமில்லை, தாக்கக்கூடிய பலவீனமான அண்டை நாடும் இல்லை, கடல்வழியும் இல்லை என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் தயங்காமல் அழுத்தலாம்.

ஒவ்வொரு முறையும் அழுத்தத் தோன்றினால், ஆட்டம் அமைக்கும்போது ஸ்டார்ட் பொசிஷன் என்ற இடத்தில் பேலன்ஸ்டு அல்லது லெஜண்டரியைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து ஆடுபவர்களுக்குப் பெட்டர் பேலன்ஸ்டு ஸ்டார்ட்ஸ் என்ற மாட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) உண்டு. ஒருவருக்கு ஆற்றங்கரையும் மற்றவருக்குப் பனியும் வந்து, ஆட்டம் சண்டையில் முடிவதை அது பெருமளவு தவிர்க்கும்.

இரண்டாவது நகரம் தலைநகரைவிட எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது. தலைநகரை அங்கே மாற்ற முடியுமா?

டிடோவின் ஃபினீஷியாவுக்கு மட்டும் முடியும்: கோத்தான் (அவர்களின் துறைமுகம்) உள்ள நகரத்தில் அதற்கென்று ஒரு ப்ராஜெக்ட் இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அரண்மனை தருவது சிறிய, நிலையான ஓர் அளவுதான். அது வறண்ட நகரத்தில் இருப்பதால் பெரிய இழப்பு ஏதும் இல்லை, சொல்லப்போனால் உற்பத்தியற்ற நகரத்துக்கு அந்த 2 உற்பத்தி ஒரு கைத்தாங்கல். கவர்ன்மென்ட் பிளாசா (அரசு வட்டாரம்), அதிசயங்கள், கவர்னர்கள் எல்லாவற்றையும் நல்ல நகரத்துக்குக் கொண்டுபோங்கள். பிளாசாவில் ஆன்செஸ்ட்ரல் ஹால் கட்டினால் அந்த நகரத்தில் செட்டிலர் உற்பத்தி 50 சதவீதம் கூடும்; அதன்பின் நீங்கள் அமைக்கும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பில்டர் இலவசம்.

பழைய தலைநகரைக் காவல் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். டாமினேஷன் (போர் வழி) வெற்றிக்கு எதிரிகள் தேடி வருவது முதன்முதலில் நீங்கள் அமைத்த அந்தத் தலைநகரைத்தான். அங்கே மதிலும் இரண்டு ஆர்ச்சர்களும் எப்போதும் இருக்கட்டும்.